வெயிலுமுத்து பெயரில் ஒரு பிரிட்ஜ்

மடத்தில் சேர்ந்த அன்று ஆறுமுக நயினார் தன் குருவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அம்மா, பயம் எப்ப போகும்?"

தவமணி அம்மை அவர் கையிலிருந்த பையைப் பார்த்தார். சின்னப் பை. ஆனாலும் அதில் இரண்டு டார்ச் லைட் இருந்தன.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு எரியலைன்னா இன்னொண்ணு வேணும்லம்மா."

"சரி. ஸ்டோர் ரூமை நீங்களே பாத்துக்கிடுங்க" என்றார் அம்மை.

குருவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். நயினாருக்கு அறுபது தாண்டிவிட்டது. நூல் மில் ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு மடத்துக்கு வந்தவர் அவர். ஸ்டோர் ரூம் அவர் கைக்கு வந்ததிலிருந்து மடத்தில் எதுவும் தீர்ந்துபோனதில்லை. இருக்கிற உப்பு பாதியாகும்போதே அடுத்த உப்பு வந்து காத்திருக்கும்.

மடம் அருப்புக்கோட்டைச் சாலையில், வீடுகள் முடிகிற இடத்தில் இருந்தது. நடுவில் போர்வைச் சாமியின் சமாதி. அவர்தான் தவமணி அம்மையின் குரு. சித்திரை வெயிலிலும் கம்பளிப் போர்வையை விடாமல் போர்த்திக்கொண்டு, வீடு வீடாகப் பிச்சை வாங்கிச் சாப்பிட்டவர். ஊரில் எல்லோருக்கும் அவர் போர்வைச் சாமிதான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு என்பது மடத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கோடையில் மடத்து பிரிட்ஜ் நின்றுபோனது.

மெக்கானிக் வந்து பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். "கம்ப்ரசர் போயிருச்சு சாமி. இந்த மாடலுக்குச் சாமானே வர்றதில்ல. புதுசு வாங்கிருங்க" என்றார்.

நயினார் கடைக்கு ஓடினார். ஊரில் இருந்தது ஒரே கடை. அங்கே பிரிட்ஜ் நிற்கிற இடமெல்லாம் காலியாக இருந்தது.

"வெயில் ஏற ஏற இருந்ததெல்லாம் போயிருச்சு சாமி. கம்பெனியிலேயே சரக்கு இல்லைங்கிறான். சொல்லிட்டுப் போங்க, லோடு வந்ததும் போன் அடிக்கிறேன்" என்றார் கடைக்காரர்.

நயினார் மடத்தின் பெயரில் சொல்லிவிட்டு வந்தார். வரும்போது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

பால் கெட்டால் பரவாயில்லை. காய்கறி வாடினால் பரவாயில்லை. பிரிட்ஜில் தவமணி அம்மையின் இன்சுலின் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்த மருந்து. அந்த வெயிலில் வெளியே வைத்தால் வீணாகிவிடும்.

மருந்துப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் குருவின் முன்னால் நின்றார்.

"எதிர் வீட்டுல பிரிட்ஜ் இருக்கே" என்றார் அம்மை.

"நாம குடுக்கிற இடம்மா. நாம போய் ஒரு வீட்டு வாசல்ல நிக்கிறதா?"

"போர்வைச் சாமி எங்க நின்னார்?"

நயினார் பெட்டியோடு தெருவைக் கடந்தார்.

எதிர் வீட்டில் சண்முகத்தாய் இருந்தாள். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பவள். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பும் வீட்டு வாடகையும் அந்த மாவிலிருந்துதான் வந்தன. அவளுடைய பிரிட்ஜும் பழையதுதான். கதவு நிற்காமல் பழஞ்சேலைக் கிழிசலால் இழுத்துக் கட்டியிருந்தாள்.

"தாயிக்கு மருந்தா? கொண்டாங்க சாமி. இதைக் கேக்கவா வாசல்ல நின்னு தலையைச் சொறிஞ்சீங்க?" என்று பெட்டியை வாங்கி, மாவுப் பாக்கெட்டுகளை ஓரம் தள்ளி உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலையில் அவளே மருந்தைக் கொண்டுவந்தாள். ஒரு டம்ளரில் ஈரத்துணி சுற்றி, அதற்குள் மருந்து. அம்மை ஊசி போட்டுக்கொள்ளும் வரை பக்கத்தில் உட்கார்ந்து தெருக் கதை சொன்னாள். போட்டதும் மருந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். தினமும் அப்படியே நடந்தது.

ஒருநாள் மருந்தோடு ஒரு தூக்குவாளியும் வந்தது.

"மாவு லேசாப் புளிச்சிருச்சு சாமி. விக்க முடியாது. தூக்கிப் போட மனசு வரல. ஊத்தப்பம் ஊத்துனா நல்லா இருக்கும்."

நல்லாத்தான் இருந்தது. நயினார் வெங்காயம் தூவிச் சுட்டார். அம்மை ஒன்று சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நாளாச்சு இந்த ருசியைப் பாத்து" என்றார்.

அடுத்த நாளும் தூக்குவாளி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடப் புளிப்பு ஏறியது. ஒரு காலையில் ஊத்தப்பத்தைப் பிட்டு வாயில் போட்ட நயினாருக்குப் பல் கூசியது. அதற்குமேல் அவரால் விழுங்க முடியவில்லை.

மாவு இப்படிப் புளிக்கிறது என்றால் அந்த பிரிட்ஜ் குளிரவில்லை. குளிரவில்லை என்றால் மருந்து?

அவர் அம்மையிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏறிக் கடைக்குப் போனார்.

"லோடு வருமா?"

"வரும் சாமி. ஆனா எத்தனை வரும்னு சொல்ல முடியல. உங்க பேருதான் முதல்ல இருக்கு. கவலைப்படாதீங்க."

நயினார் கவலைப்பட்டார். வந்தது உடைந்து வந்தால்? ஓடாமல் போனால்?

"இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க."

"மடத்துக்கா? ஒரு பேருக்கு ஒண்ணுதான் சாமி. முதலாளி கண்டிசனாச் சொல்லிட்டார்."

"மடத்துக்கு இல்ல. வேற ஒருத்தருக்கு."

"பேரு?"

நயினாருக்குச் சட்டென்று ஒரு பெயர்தான் வாயில் வந்தது. மின்கட்டணம் கட்டப் போகும்போதெல்லாம் அட்டையில் பார்க்கிற பெயர். போர்வைச் சாமி காலத்தில் வாங்கிய மடத்து மின் இணைப்பு இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

"வெயிலுமுத்து" என்றார். போன் நம்பர் கேட்டதற்கு வாயில் வந்த பத்து எண்களைச் சொன்னார்.

அதன்பிறகு அவருக்குத் தூக்கம் கொஞ்சம் வந்தது.

சில நாள் கழித்து மருந்தோடு வந்த சண்முகத்தாய் கதை ஒன்றும் சொல்லவில்லை. தூக்குவாளியும் இல்லை.

"மாவு?" என்றார் அம்மை.

"நேத்து அரைச்சது மொத்தமும் பொங்கிப் போச்சு தாயி. வாங்கிட்டுப் போனவுக எல்லாம் திருப்பிக் கொண்டாந்துட்டாக. ஐஸ் வாங்கிப் போட்டு உங்க மருந்தை மட்டும் காப்பாத்தி வச்சிருக்கேன். ஒரு வாரமா ஐஸ்லதான் ஓடுது." டம்ளரை அம்மையின் கையில் வைத்தாள். துணி சில்லென்று இருந்தது. "கடையில போய்ச் சொன்னேன். எனக்கு முன்னால ரெண்டு பேராம். அடுத்த லோடுல ரெண்டுதான் வருமாம்."

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"ஒண்ணு நீங்க. அது வேணும், மருந்து இருக்கு. இன்னொண்ணு யாரோ வெயிலுமுத்துவாம். எந்த ஊருக்காரன்னு தெரியல. தெரிஞ்சா போய் அவன் வாசல்ல உக்காந்துருவேன். 'அய்யா, பச்சைத் தண்ணி குடிக்கவா உமக்கு பிரிட்ஜு? எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு, இந்தத் தடவை விட்டுக் குடும்'னு கேட்ருவேன். உங்ககிட்ட நாலு ஊரு ஆளு வருதே தாயி, யாரையாச்சும் விசாரிச்சுச் சொல்லுங்களேன்."

நயினார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தண்டை வைத்துக்கொண்டு இலையைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

தவமணி அம்மை அவரைப் பார்க்கவில்லை. ஊசியைப் போட்டு முடித்தார். எழுந்தார்.

"எனக்கு அவரைத் தெரியும். இரு, கேட்டுட்டு வர்றேன்."

சமாதி மண்டபத்துக்குள் போனார். விளக்கின் முன்னால் உட்கார்ந்தார். சண்முகத்தாய் இங்கிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"போன் போடப் போனாகன்னு பாத்தா, தாயி சாமி கும்பிடுதாக" என்றாள் நயினாரிடம்.

நயினார் குப்பையில் போட்ட இலைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

அம்மை திரும்பி வந்தார்.

"கேட்டேன். அவருக்கு வேண்டாமாம். உனக்கே தரச் சொல்லிட்டார்."

"அப்படியா! ஏனாம்? அவ்வளவு லேசா விட்டுட்டாரு?"

"கெட்டுப் போற மாதிரி இப்ப அவர்கிட்ட ஒண்ணும் இல்லையாம்."

"குடுத்து வச்ச மனுசன்" என்றாள் சண்முகத்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்தை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நயினார் கீரையை வைத்துவிட்டு எழுந்தார்.

"அம்மா, நான் எனக்காகச் செய்யல."

"தெரியும்."

"நீங்க இல்லைன்னா மடம் இல்ல. அந்த பயத்துல..."

"அதுவும் தெரியும். கடைக்குப் போய் அவர் சொன்னதை அப்படியே சொல்லிட்டு வந்துருங்க."

நயினார் போனார். வெயிலுமுத்துவுக்கு வேண்டாம், அந்த முறையைச் சண்முகத்தாய்க்குக் கொடுங்கள் என்றார். கடைக்காரர் தலையாட்டினார். "நல்லவேளை சாமி. அந்த ஆளுக்கு எத்தனை தடவை போன் போட்டாலும் நம்பர் உபயோகத்துல இல்லைன்னே வந்துச்சு" என்றார்.

லோடு வந்தது. மடத்து வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதில் அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு?" என்றார் நயினார்.

"ரெண்டு வரும்னாங்க, ஒண்ணுதான் வந்துச்சு சாமி. அடுத்தது எப்பன்னு கடையிலேயே தெரியல. முதல் பேரு மடம்தான். எங்க இறக்க?"

எதிர் வீட்டு வாசலில் சண்முகத்தாய் மாவுக் கையோடு வந்து நின்றாள். ஆட்டோவைப் பார்த்தாள். அதில் ஒன்றுதான் இருப்பதையும் பார்த்தாள். பிறகு அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.

"உள்ள எடுத்து வைங்க சாமி! என்ன யோசனை? தாயி மருந்தை இப்பவே கொண்டாறேன். எனக்கு அடுத்ததுல வரும்."

நயினார் குருவைத் திரும்பிப் பார்த்தார். தவமணி அம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நயினார் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். எத்தனையோ நாளாக இதற்காகத்தான் அவர் காத்திருந்தார். இதை உள்ளே வைத்துவிட்டால் எல்லாம் மடத்திலேயே இருக்கும். யார் வாசலிலும் நிற்க வேண்டாம். யார் வீட்டு ஐஸையும் நம்ப வேண்டாம்.

ஐஸ் என்று நினைத்ததும் அவர் கை பெட்டியை விட்டு இறங்கியது. தன் மாவைப் பொங்க விட்டுவிட்டு அவள் எதற்கு ஐஸ் போட்டாள் என்பது அவருக்கு நினைவு வந்தது.

"அங்க இறக்குங்க" என்று எதிர் வீட்டைக் காட்டினார்.

"பில்லு மடத்து பேருல இருக்கே சாமி."

"கடையில சொல்லி மாத்திக்கிடலாம். மடத்து மருந்து அங்கதான இருக்கு? பிரிட்ஜும் அங்கதான் இருக்கணும்."

சண்முகத்தாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "உமக்கென்ன கிறுக்கா சாமி? தாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீரா?"

"கேட்டா வெயிலுமுத்துகிட்ட போய்க் கேப்பாங்க. அவர் என்ன சொல்லுவார்னு எனக்கே தெரியும். வழியை விடும்மா."

பழைய பிரிட்ஜ் வெளியே வந்தது. அதன் கதவில் சேலைக் கிழிசல் இன்னும் முடிச்சோடு இருந்தது. புதியதை உள்ளே வைத்து, ஓட ஆரம்பித்ததும், சண்முகத்தாய் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேல்தட்டைத் துடைத்தாள். மருந்துப் பெட்டியை மட்டும் அங்கே வைத்தாள்.

"இந்தத் தட்டு தாயிக்கு. மாவு இதைத் தொடாது" என்றாள் தன் பிள்ளைகளிடம்.

மறுநாள் காலையில் நயினார் அடுப்படியில் நின்றார். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவள் வருகிற நேரம் இன்னும் ஆகவில்லை. ஆனாலும் பயந்த பழைய ஆள் அவருக்குள்ளே எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, அடுத்த லோடு ஆடிக்குத்தான் வரும்னு சொல்றாங்க. அதுவும் நிச்சயம் இல்லையாம்."

அம்மை சமாதி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு ஒருநாள் காய்ச்சல்னா? ஊருக்குப் போயிட்டான்னா? நான் செஞ்சது தப்புன்னு சொல்லலம்மா. ஆனா நம்ம முறை எப்பதான் வரும்?"

தெருக்கதவு கிரீச்சென்றது. ஒரு கையில் ஈரத்துணி சுற்றிய டம்ளரும், இன்னொரு கையில் ஆவி பறக்கும் இட்லித் தட்டுமாகச் சண்முகத்தாய் உள்ளே வந்தாள். "இன்னைக்குப் புளிக்கல சாமி, பயப்படாம சாப்பிடுங்க" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள்.

தவமணி அம்மை மருந்துக்காகக் கையை நீட்டினார்.

"இந்தா, வந்துருச்சே" என்றார்.