பழத்தாத்தாவின் ஒரே வருத்தம்

ஹீ... க்ஹும்... ஹீ...

நன்றாக இருட்டிய பிறகு, குங்கிலிய மரத்தடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அது உறுமலும் இல்லை, கத்தலும் இல்லை. யாரோ விக்கி விக்கி அழுகிறார்கள்!

உயரத்துப் பொந்தில், தலைச்சன் முட்டைமேல் உட்கார்ந்திருந்த இருவாட்சிப் பறவை மகிழிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் பின்கழுத்தில் இறகே முளைக்காத பழைய தழும்பு ஒன்று உண்டு. பயம் வந்தால் அது குறுகுறுக்கும். இப்போதும் குறுகுறுத்தது.

இருவாட்சிகளுக்கு ஒரு வழக்கம். முட்டையிடும் காலத்தில் தாய் பொந்துக்குள் புகுந்துகொண்டு, வாசலைச் சேற்றால் உள்ளிருந்தே பூசி அடைத்துவிடும். அலகு நுழைய ஒரு கீற்று மட்டும் விடும். ஆண் பறவை அதன் வழியே பழம் ஊட்டும். குஞ்சு வளரும் வரை தாய்க்கு வெளியே வேலையில்லை. பறக்கும் இறகுகள்கூட உதிர்ந்துவிடும்.

மகிழிக்கு இறகு உதிர்ந்துவிட்டது. வாசல் மட்டும் இன்னும் பாதி திறந்தே கிடந்தது.

"சேறு கொண்டுவந்து குவிச்சிருக்கேனே, எடுத்துப் பூசினா என்ன?" என்று மாலையில்கூட அவள் கணவன் கடிந்துகொண்டான்.

"உள்ளே மூச்சு முட்டுதுங்க. நாளைக்குப் பூசிக்கறேன்" என்றாள் அவள்.

மூன்று நாளாக இதே 'நாளைக்கு'தான். அவன் அலுத்துக்கொண்டு எதிர்மலைக்கு உறங்கப் போய்விட்டான்.

அழுகை மரத்தில் ஏறி வந்தது. கிளை அசைந்தது.

"யாரது?"

"நான்தான் தாயி, பயப்படாதே!"

எதிர்க்கிளையில் கிழட்டு மரநாய்! மகிழி அலகை ஓங்கினாள். பிறகு மெல்ல இறக்கினாள். அட, நம்ம பழத்தாத்தா! ஒரு காலத்தில் பொந்து பொந்தாகப் புகுந்து குஞ்சு தின்றவர்தான். பல் கொட்டிய பிறகு அத்திப்பழமும் காட்டுவாழையும்தான் ஆகாரம். 'அவரு திருந்திட்டாரு' என்று காடே சொல்லும். அணில் குட்டிகள் அவர் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடும்.

"ஏன் தாத்தா அழறீங்க?"

"வயசாச்சு கண்ணு, தூக்கம் வரலை. வாழ்ந்ததெல்லாம் வரிசையா முன்னால வந்து நிக்குது. நல்லா ஓடினேன். நல்லா தின்னேன். சிறுத்தைக்கே தண்ணி காட்டினேன். குறை சொல்ல ஒண்ணுமில்லை, திருப்திதான். ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் நெஞ்சை அறுக்குது!"

மகிழிக்கு மனம் இளகிவிட்டது. தள்ளாத வயதில், அதுவும் இந்தக் குளிரில்!

"மனசுல வச்சுக்கிட்டு மருகாதீங்க தாத்தா. வாய்விட்டுச் சொல்லிடுங்க, பாரம் இறங்கிடும். கொஞ்சம் கிட்ட வாங்க, காத்துல உங்க குரலே கேக்கலை."

கிழவர் வாசலோரம் வந்து உட்கார்ந்தார். வால் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"அஞ்சு மழைக்காலத்துக்கு முன்னால, தாயி. இதே மரம், இதே பொந்து. உள்ளே ஒரு இருவாட்சி. உன்னை மாதிரியேதான், வாசலைப் பூசாம அசட்டையா இருந்தா. நான் கையை விட்டேன். விரல்ல ஒரு குஞ்சு தட்டுப்பட்டது. என்ன சூடு! என்ன மெத்து! இறகுகூட முளைக்கலை."

மகிழி கண்ணை மூடிக்கொண்டாள். "ஐயோ பாவம்! தின்னுட்டீங்களா தாத்தா?"

"இல்லையே!" கிழவர் மார்பில் அறைந்துகொண்டார். "தின்னிருந்தா நான் ஏன் அழப்போறேன்? பின்கழுத்துல நகம் பதிஞ்சாச்சு. இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அதுக்குள்ள தாய்க்காரி கொத்தினா பாரு ஒரு கொத்து! கையை உதறிட்டேன். சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இறங்கிட்டேன். மறுநாள் வந்து பார்த்தா, வாசல் கல்லா இறுகிக் கிடக்குது! இன்னும் ஒரே ஒரு கொத்து தாங்கியிருந்தா என்ன, கண்ணு? அந்த ஒண்ணைத்தான் விட்டுட்டேன்! அந்த ஒண்ணைத்தான்!"

மகிழியின் பின்கழுத்துத் தழும்பு குறுகுறுத்தது. அவள் பிறந்தது இந்தப் பொந்தில்தான். 'இந்தத் தழும்பு ஏதும்மா?' என்று கேட்கும்போதெல்லாம் அவள் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

குனிந்து பார்த்தாள். சுருக்கம் விழுந்த கை ஒன்று, பேச்சோடு பேச்சாக வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது! விரல்கள் அவள் வயிற்றடியில் முட்டையைத் துழாவிக்கொண்டிருந்தன.

"தாத்தா! உங்களுக்குத்தான்... பல்லே இல்லையே!"

"முட்டைக்குப் பல் எதுக்குத் தாயி?" என்றார் கிழவர், அதே பாசமான குரலில். கண்ணில் இன்னும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

மகிழி கொத்தினாள். கை நகரவில்லை.

"இந்தத் தடவை உதறமாட்டேன்!" என்று முனகியது பொக்கை வாய்.

மறுபடி கொத்தினாள். மறுபடியும்! மூன்றாவது கொத்தில் எலும்பு முறிந்தது. கிளைகள் சடசடத்தன. கீழே பொத்தென்று ஏதோ விழுந்தது.

"ஐயோ, ரெண்டாச்சே! விட்டது இப்ப ரெண்டாச்சே!" என்ற புலம்பல் புதருக்குள் நொண்டி நொண்டிப் போய் மறைந்தது.

மகிழி முட்டையைத் தடவிப் பார்த்தாள். சூடாக, முழுசாக இருந்தது. பிறகு காய்ந்துகிடந்த சேற்றை எச்சிலால் குழைத்தாள். மூச்சு முட்டுமா, இருட்டாக இருக்குமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அலகால் அறைந்து அறைந்து பூசினாள். கிழக்கு வெளுப்பதற்குள், ஒரு கீற்று மட்டும் விட்டு, வாசல் உள்ளிருந்து இறுக அடைபட்டுவிட்டது.

வயதானவர் வருந்துகிறார் என்பதற்காகவே திருந்திவிட்டார் என்று நம்பிவிடாதே. எதற்காக வருந்துகிறார் என்று தெரியும்வரை உன் கதவு சாத்தியே இருக்கட்டும்.