ஆடிச் சீரும் உப்புப் போரும்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை இளவேட்டுவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். இந்தக் கதை தொடங்கும் அன்று சபையில் இருந்தவர்கள்: ராஜா, தளபதி வயவரையர், மந்திரி திருவாழி, சாமரம் வீசுகிற பெண்கள் இருவர், வாசற்காவலன், உப்பில்லாத கஞ்சிக்கு வசவு வாங்க வந்த சமையற்காரர். ஆக ஏழு பேர்.

ஆற்றுக்கு அக்கரையில் அலைவாய் நாடு. அங்கே உப்பு, இங்கே மிளகு. ஒருநாள் கோபத்தில் ராஜா உப்பு வண்டிக்கு இரட்டை வரி போட்டான். அவர்கள் உப்பை நிறுத்தினார்கள். இவன் மிளகு விற்பதை நிறுத்தினான். இரு கரையிலும் படை இறங்கியது. ஓடங்கள் நின்றன.

மந்திரியின் ஒரே மகள் மயிலம்மை வாழ்க்கைப்பட்டது அக்கரையில். அவள் முகம் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. சாயங்காலம் மந்திரி ஆற்றுப் பக்கம் போவார். அக்கரையில் அடுப்புப் புகை எழும்பும். அதில் அவள் வீட்டுப் புகை எது என்று தேடிவிட்டுத் திரும்புவார்.

"நாளைக்கே ஆற்றைக் கடப்போம், அரசே," என்றார் தளபதி அன்று சபையில். "மந்திரியார்தான் தடுக்கிறார். சம்பந்தி வீட்டுக் கூரை எரியுமே என்ற கவலை."

"எரியும்தானே," என்றார் திருவாழி. "கவலை இல்லை என்று நான் சொல்லவில்லையே."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, மந்திரியாரே. ஆடி முடிவதற்குள் உப்பு வரவேண்டும். விலை கொடுக்கக் கூடாது, வாள் எடுக்கக் கூடாது, கையேந்தவும் கூடாது. வராவிட்டால் தளபதி ஆற்றைக் கடக்கட்டும்."

அக்கரையில் பெண் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் மந்திரி சொல்லி அனுப்பினார். ஓடம் இல்லாததால் பரிசலில் ஆடிச் சீர் கிளம்பியது. சேலை, வெல்லம், பழம், அதோடு கூடை கூடையாக மிளகு.

"மிளகுக்குத் தடை இருக்கிறதே," என்று மறித்தார் தளபதி.

"விற்கத்தானே தடை? மகளுக்குச் சீர் கொடுக்காதே என்று எந்த ராஜா சொன்னார்?"

அக்கரைக் காவலர்களும் வழிவிட்டார்கள். அவர்கள் வீட்டு மருமகள்களும் இந்தக் கரைப் பெண்கள்தான்.

சில நாளில் கூடைகள் திரும்பின. ஒவ்வொன்றிலும் வாய்வரை உப்பு.

"இது வியாபாரம்," என்றார் தளபதி.

"சீர்க் கூடையை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிற சம்பந்தியம்மாள் உண்டா, தளபதியாரே? வீட்டில் இருப்பதைப் போட்டு அனுப்புவார்கள். அவர்கள் வீட்டில் இருப்பது உப்பு."

ராஜா ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தான்.

"இரட்டை வரி போகட்டும், படையும் திரும்பட்டும். தளபதியாரே, அடுத்த ஆடிக்கு முதல் கூடை உங்கள் தலையில். மந்திரியாருக்கு என்ன வேண்டும்?"

"ஓடம் விடச் சொல்லுங்கள், அரசே. பெண்கள் தாய்வீட்டுக்கு வரட்டும்."

அக்கரையிலும் படை கலைந்தது. ஓடம் வந்த அன்று கரை கொள்ளாத கூட்டம். அவரவர் பெண்ணை அவரவர் அழைத்துப் போனார்கள். மந்திரி கடைசி ஓடம் வரை நின்றார். அதிலிருந்து மயிலம்மை இறங்கினாள். இடுப்பில் இருந்த குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். சீர் கொண்டுபோனவர்களிடம், "குழந்தை பிறந்ததை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்," என்று அவள்தான் கேட்டுக்கொண்டாளாம்.

ஓடக்காரர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். கரையில் மிச்சம் நின்றவர்கள் மூன்று பேர்.