நித்தியகல்யாணி மணத்தை விட்ட கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகள் வாய்விட்டுப் பேசும். அப்போது, உழுது பிழைக்க நிலம் தேடி முள்ளுக்காட்டு மேட்டுக்கு முதன்முதலாக வந்தவர்கள் கொம்பையாவும் மாடத்தியும். முள்ளை வெட்டிக் குடிசை போட்டார்கள். மழைதான் வரவில்லை. ஐந்து வயது மகள் சடைச்சி காய்ச்சலில் இறந்துபோனாள். அந்த மேட்டில் முதல் புதைகுழி அவளுக்குத்தான்.

ஊற்றும் வற்றியதும் கொம்பையா வண்டியைப் பூட்டினார். மாடத்தி மகளைப் புதைத்த மண்மேட்டை விட்டு எழவில்லை.

"நாலு காற்றடித்தால் இது தரையாகிவிடும். திரும்பி வந்து என் பிள்ளையை எங்கே என்று தேடுவேன்?"

"எழுந்திரு, மாடத்தி. மாடு தண்ணி குடிச்சு ரெண்டு நாளாச்சு."

மாடத்தி அருகிலிருந்த முல்லையிடம், "இங்கே அடையாளமாகப் பூத்திருப்பாயா?" என்று கேட்டாள்.

"பூக்கிறேன், ஆத்தா. எந்த மாசம் வருவே?"

"தெரியலையே."

"நல்ல கதைதான். கோடையில் வந்து வெறுங்கொடியைப் பார்த்து என்னை ஏசாதே."

பக்கத்தில் ஒரு சிறு செடி நின்றது. அப்போது அதற்குப் பெயரே இல்லை. ஆண்டில் ஒரு மாதம் இளஞ்சிவப்பாகப் பூக்கும். அந்த மாதம் காடே மணக்கும்.

"நான் தினமும் பூக்கிறேன்," என்றது அது. "ஆனால் பூவும் மணமும் தினமும் கொடுக்க என்னிடம் சத்தில்லை. மணத்தை விட்டுவிடுகிறேன்."

"மணமில்லாத பூவை எவளடி தலையில் வைப்பாள்?" என்று முல்லை சிரித்தது.

"தலையில் வைக்கவா இவள் கேட்டாள்?"

செடி தன் மணம் முழுவதையும் காற்றில் விட்டது. வண்டி கண்மறையும்வரை அந்த வாசனை மாடத்தியின் கூடவே வந்தது. பிறகு நின்றுவிட்டது.

பிழைக்கப் போன ஊரில், மழை விழும்போதெல்லாம் "இந்த வருஷம் போவோமா?" என்பாள் மாடத்தி. "அடுத்த வருஷம்" என்பார் கொம்பையா. அவர் காலமும் முடிந்தது.

தலை நரைத்து, ஒரு சித்திரை வெயிலில், அவள் தனியே வந்தாள். தொலைவிலேயே இளஞ்சிவப்புப் பூ தெரிந்தது. ஓட்டமும் நடையுமாகப் போனவள் திகைத்து நின்றாள். அங்கே இருந்தது ஒரு மண்மேடு அல்ல, நாற்பது. பின்னால் குடியேறியவர்கள், பூவைப் பார்த்து, தங்கள் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அங்கேயே புதைத்திருந்தார்கள். எல்லா மேட்டிலும் அதே பூ.

"என் சடைச்சி எங்கே?"

"வந்தவர்களெல்லாம் நீ கேட்டதையேதான் கேட்டார்கள், ஆத்தா. யாருக்கு மாட்டேன் என்று சொல்வேன்? பரவிப் பரவி, என் முதல் வேர் எதுவென்று எனக்கே தெரியவில்லை."

 மாடத்தி குடியேறியவர்களின் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்து, அருகிலிருந்த மண்மேட்டில் ஒரு கை ஊற்றினாள்.

"நீயாக இருந்தாலும் குடி. இல்லாவிட்டாலும் குடி, கண்ணே."

அடுத்த மேட்டுக்கு நகர்ந்தாள். நாற்பதாவதை நனைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

நாள் தவறாமல் பூப்பதால் நித்தியகல்யாணி என்று பெயர் பெற்ற அந்தச் செடி, இன்றும் மணமில்லாமல் இடுகாட்டில் பூக்கிறது. மாடத்தி தண்ணீர் ஊற்றிய அன்று முதல், தம் வீட்டுக் குழிக்குத் தண்ணீர் தெளிக்க வருகிறவர்களும், பக்கத்துக் குழிகளை நனைக்காமல் அந்த மேட்டை விட்டு இறங்குவதில்லை.