அசையாத 1.20

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு நாற்பத்து மூன்று.

குரு ஜெசிந்தா. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவள். திருச்சி பாலக்கரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். சீடர் அறவாழி. எம்.இ. படித்தவர். பதினாறு வருஷம் இன்ஜினியரிங் காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தியவர். காலேஜை இழுத்து மூடிவிட்டார்கள். ஆறு மாதமாக ஜெசிந்தாவிடம் தொழில் பழகுகிறார்.

குரு சீடரை ‘சார்’ என்பாள். சீடர் குருவை ‘மாஸ்டர்’ என்பார். தெருவே சிரித்தது. ரெண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

கடையில் ஒரே ஒரு சட்டம். மெஷின் நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற முடிவை வந்தவர்களிடம் ஜெசிந்தாதான் சொல்வாள். அறவாழி கழற்றலாம், துடைக்கலாம், மாட்டலாம். முடிவு மட்டும் சொல்லக் கூடாது. பதினாறு வருஷம் பேசியே பிழைத்த மனுஷனுக்கு அது எப்படி இருக்கும்? தினமும் வயிறெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை, கமருன்னிசா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் குழந்தையைப் போல சிபியு.

“ஜெசி, இதுக்கு ஒரு வழி சொல்லு. ப்ராசசர் வோல்டேஜ் 1.66னு சிவப்பா காட்டுது. ஒரு கடையில கேட்டேன், போர்டு போச்சு, தூக்கிப் போடுங்கங்கிறான்.”

“யாரு ஆன்ட்டி அந்த நம்பர ஸ்கிரீன்ல வெச்சுவிட்டது?”

“என் தங்கச்சி மகன். வைரஸ் வராதுன்னு லினக்ஸ் போட்டான். சும்மா இருக்காம இதையும் மூலையில வெச்சுவிட்டுட்டான். இப்ப அரையாண்டுப் பரீட்சை வருது. முப்பது ஸ்கூலுக்கு நான்தான் கேள்வித்தாள் அடிக்கிறேன். இருபது வருஷத்துல ஒரு எழுத்துப்பிழை காட்டச் சொல்லு பாப்போம். இந்த மெஷின நம்பி ராப்பகலா ஓட்டலாமா கூடாதா, அத மட்டும் சொல்லு.”

ஜெசிந்தா சால்டரிங் பண்ணிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“சார், நீங்க பாருங்க. முடிவையும் நீங்களே சொல்லிருங்க.”

“நானா மாஸ்டர்?”

“இங்க வேற எந்த சார் இருக்காரு?”

அறவாழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது அவர் எடுத்த பாடம்தானே!

சென்சார் கட்டளையை அடித்தார். பத்து வரி வந்தது. முதல் வரிக்கு ப்ராசசர் என்று பெயர். 1.66. மெஷினை அணைத்துப் போட்டு, லினக்ஸ் வரும் முன்னால் போர்டே காட்டுகிற பயாஸ் திரைக்குள் போய்ப் பார்த்தார். அங்கே 1.20.

“அக்கா, பயப்படாதீங்க. போர்டுல ஒரு சின்ன சிப் இருக்கு. வோல்டேஜ அளக்கிறது அதுதான். அது சொல்ற கணக்க எதால பெருக்கணுங்கிறது போர்டுக்குப் போர்டு மாறும். லினக்ஸுக்கு அது தெரியாது. நாமதான் ஒரு ஃபைல்ல எழுதிக் குடுக்கணும்.”

“அப்ப எழுதிக் குடுங்க வாத்தியாரே, வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

1.66-ஐ 1.20 ஆக்க எதால் பெருக்க வேண்டும்? 0.723. ஒரே வரி எழுதினார். மறுபடி பார்த்தார். 1.20. சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

அறவாழிக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரல் தானாக வந்தது.

“அக்கா, உங்க போர்டு நல்லா இருக்கு. தைரியமா எடுத்துட்டுப் போங்க!”

கமருன்னிசா எழுந்தாள். ஜெசிந்தாவும் எழுந்தாள். பக்கத்தில் வந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஏதோ ஒரு கட்டளை அடித்தாள். ஃபேன் கத்த ஆரம்பித்தது.

“என்ன பண்றீங்க மாஸ்டர்?”

“ப்ராசசருக்கு வேலை குடுத்தேன். தாங்குற அளவுக்கு மொத்தமும். நம்பரப் பாருங்க சார்.”

1.20.

ஃபேன் அலறியது. 1.20. சூட்டுக் காற்று அறவாழியின் கையில் அடித்தது. 1.20. ஜெசிந்தா வேலையை நிறுத்தினாள். ஃபேன் அடங்கியது.

1.20.

அறவாழியின் காது சிவந்துவிட்டது. ப்ராசசர் சும்மா இருந்தால் வோல்டேஜ் இறங்கும், வேலை கொடுத்தால் ஏறும். பதினாறு வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பையன்களிடம் கேள்வி கேட்டு, தெரியாதவனை எழுப்பி நிறுத்தியவர் அவர்.

“இது ப்ராசசரோட வரியே இல்ல” என்றார்.

“பின்ன எதோடது?” கமருன்னிசா கேட்டாள்.

“தெரியலக்கா.”

“தெரியலையா? இப்பதான் தைரியமா எடுத்துட்டுப் போங்கன்னு நாடகக்காரன் மாதிரி கத்துனீங்க? என் மெஷின் நிஜமாவே கருகுனாக்கூட இது 1.20னுதான் சொல்லிக்கிட்டு இருக்குமா?”

“ஆமாக்கா. அப்படியேதான் சொல்லிக்கிட்டு இருக்கும்.”

ஜெசிந்தா தன் இடத்துக்குப் போய்விட்டாள். மறுபடி சால்டரிங்கில் குனிந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“மாஸ்டர், நீங்களே பாத்துச் சொல்லிருங்களேன்.”

“முடிவு உங்களோடதுன்னு சொல்லிட்டேன் சார்.”

“தப்பாச் சொல்லிட்டேனே.”

“அப்ப சரியாச் சொல்லுங்க.”

அறவாழி தான் எழுதிய வரியை அழித்தார். பத்து வரியையும் திரையில் ஓடவிட்டார். ஒரு தாளில் பத்துக் கட்டம் போட்டார். வேலை கொடுத்தார், எழுதினார். நிறுத்தினார், எழுதினார். மறுபடி கொடுத்தார்.

முதல் வரி மலை மாதிரி நின்றது. ஒன்பதாவது வரி வேலைக்கும் ஓய்வுக்கும் சம்பந்தமே இல்லாமல் குதித்தது. அந்தச் சிப்பில் எந்த ஒயரோடும் சேராத காலி முனை அது. ஆனாலும் வாய் ஓயாமல் ஏதோ ஒரு எண் சொல்லிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது வரிக்குப் பெயரே இல்லை. சும்மா இருக்கும்போது 0.80. வேலை கொடுத்தால் 1.18. நிறுத்தினால் 0.80. ஐந்து தடவை செய்து பார்த்தார். ஐந்து தடவையும் கூடவே ஏறிக் கூடவே இறங்கியது.

அதோடு விடவில்லை. மல்டிமீட்டரை எடுத்தார். கறுப்பு முனையை சிபியுவின் இரும்புச் சட்டத்தில் வைத்தார். சிவப்பு முனையை ப்ராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் பக்கத்துக் காயிலின் காலில் வைக்க வேண்டும். ஓடுகிற மெஷின். கை ஒரு நூல் வழுக்கினால் நல்ல போர்டும் செத்துப்போகும். வைத்தார். மூச்சு விடவில்லை. வேலை கொடுத்தபோது மீட்டர் 1.17 என்றது. திரை 1.18 என்றது.

பெரிய வோல்டேஜைச் சிப் பாதியாக்கித்தான் அளக்கும் என்பது நினைவுக்கு வந்து, முதல் வரியை இரண்டால் பெருக்கிப் பார்த்தார். 3.32. மெஷினை அணைத்த பிறகும் போர்டில் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும் 3.3 வோல்ட் லைன் அது. யாரோ வேறொரு போர்டுக்கு எழுதிய ஃபைலை அந்தத் தங்கச்சி மகன் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான். அறவாழி பெயர்களை மாற்றி எழுதினார். காலி முனையைக் காட்ட வேண்டாம் என்று எழுதினார். மெஷினை அணைத்துப் போட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்தார்.

மணி ஒன்றரை.

“முடிஞ்சுதா?” கமருன்னிசா திரையை எட்டிப் பார்த்தாள். ஃபேன் கத்திக்கொண்டிருந்தது. “என்ன தம்பி இது? காலையில 1.20 காட்டுனீங்க. இப்ப 1.18. ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இதுக்கா மூணு மணி நேரம்?”

அறவாழி வேலையை நிறுத்தினார். ஐந்தாவது வரி இறங்கி 0.80-இல் நின்றது.

“காலையில அந்த நம்பர் என்னோடதுக்கா. நான் எதிர்பார்த்தத உங்க மெஷின் வாயில திணிச்சேன். இது மெஷினே சொல்றது.”

கமருன்னிசா குனிந்து அந்த 0.80-ஐப் பார்த்தாள்.

“உங்க போர்டு நல்லா இருக்கு. ராப்பகலா ஓட்டுங்க” என்றார். கத்தவில்லை. முதுகு மட்டும் நேராக இருந்தது. காலேஜ் மூடியதிலிருந்து அது அப்படி நிமிர்ந்ததில்லை.

ஒரு தடவை ஏமாந்தவள் சும்மா விடுவாளா? அவள் ஜெசிந்தா பக்கம் திரும்பினாள்.

“ஏ ஜெசி, இவரு சொல்றத நம்பி எடுத்துட்டுப் போகலாமா?”

ஜெசிந்தா சால்டரிங் புகையை ஊதித் தள்ளினாள்.

“நான் பாக்கல ஆன்ட்டி. பாத்தவர் சொல்லிட்டார்.”