ஞானதிரவியம் கேட்ட ஸ்டாண்டு

“டீச்சர், வியாழனைப் பார்க்க என் கை விடமாட்டேங்குது” என்றார் ஞானதிரவியம்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. தூத்துக்குடியில் படகுகளுக்கு வெல்டிங் செய்தவர். மூன்று வருஷமாக நடுக்க நோய். ஆசைப்பட்டு வாங்கிய சின்னத் தொலைநோக்கி ஒன்று வைத்திருந்தார். அதன் குமிழைத் தொட்டாலே கோள் துள்ளி ஓடிவிடும்.

டீச்சர் செண்பகவல்லிக்கு நாற்பதுதான். அந்த ஊரில் வானம் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் பாடம் கேட்டவர்கள்.

“அதுக்கு என்ன செய்யப் போறீங்க அண்ணாச்சி?”

“தொலைநோக்கியை மாட்ட ஒரு கம்ப்யூட்டர் ஸ்டாண்டு வாங்கப் போறேன். கோள் பேரை அமுக்கினா மோட்டார் ஓடி அதுவே திரும்பிக் காட்டுமாம். வானம் நகர நகரக் கூடவே நகருமாம்.”

மூன்று ஸ்டாண்டுகளின் படங்களை மேஜைமேல் வைத்தார். பெரியது, நடுத்தரம், சின்னது.

“எதை வாங்கட்டும்?”

அவள் மூன்றையும் கவிழ்த்து வைத்தாள்.

“மோட்டாரை நம்புறவங்களுக்கு வானம் பழகாது. என்கிட்ட படிச்ச யாரும் அதைத் தொட்டதில்லை.”

“அவங்களுக்குக் கை நடுங்கலையே.”

“பழகினா வரும்.”

“ஒரு வருஷம் நீங்க சொன்னபடியே பழகினேன், டீச்சர். எனக்கு நோய்தான் பழகிச்சு. கை பழகலை.”

“அப்போ விட்டுருங்க. எல்லாம் எல்லாருக்கும் வாய்க்காது.”

ஞானதிரவியம் எழுந்தார். போய்விடுவார் என்று அவள் நினைத்தாள்.

அவர் போகவில்லை. கவிழ்ந்து கிடந்த படங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்தார். இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை எடுத்து மேஜையில் வைத்தார்.

“கேளுங்க” என்றார். “வானத்துல எதை வேணும்னாலும் கேளுங்க.”

சாயங்காலம் நாலு மணி. வெளியே வெயில் கொளுத்தியது.

“சனி இப்போ எங்கே?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தரையைக் காட்டினார், கிழக்குச் சுவரின் அடியில்.

“அங்கே. இன்னும் உதிக்கலை. ஏழு மணி வாக்குல மேலே வரும்.”

அவள் பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். ஏழுக்கு நாலு நிமிஷம் இருக்கையில் உதயம்.

“விரல் ஆடுதே அண்ணாச்சி.”

“விரல்தான் ஆடுது. சனி ஆடலை.”

அவள் பஞ்சாங்கத்தை மூடி வைத்தாள்.

பிறகு கேட்டாள்: “உங்க தொலைநோக்கி என்ன எடை?”

“மூணு கிலோ.”

பெரிய ஸ்டாண்டின் படத்தை அவள் ஓரமாகத் தள்ளினாள். “இது பதினஞ்சு கிலோ தூக்கும். உங்களுக்கு எதுக்கு?”

நடுத்தரத்தை அவரே தள்ளினார். “இதை என் பர்ஸ் தூக்காது.”

சின்னது மிஞ்சியது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

“சொல்லிட்டேன், இது மலிவுச் சரக்கு. அரைமணி நேரம் ஓடினா கோளைத் தவற விட்டுரும்.”

“விடட்டும்” என்றார் ஞானதிரவியம். “எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியும்.”