ஆட்காட்டி கூடு கட்டுவதை விட்ட கதை

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பேச்சு இருந்தது, அடுப்பும் இருந்தது. இன்றைக்குப் போல எதையும் பச்சையாக விழுங்க மாட்டார்கள். கரடி கிழங்கைச் சுட்டுத்தான் தின்றது. நரிக்கு நண்டு நன்றாக வாட்டியிருக்க வேண்டும். மைனாகூட தினையை வறுக்காமல் வாயில் வைக்காது.

கோடை வந்து மலைமேல் குட்டைகள் வற்றியதும், காடே மூட்டை முடிச்சோடு கீழே இறங்கி பவானி ஆற்றங்கரைக்கு வந்துவிடும். ஆறு வளைகிற இடத்தில் பெரிய மணல்திட்டு ஒன்று உண்டு. அங்கே ஆளுக்கோர் இடம் பிடித்துக் கூடாரம் போட்டு, ஒரு மாதம் இருந்துவிட்டு, முதல் மழை விழுந்ததும் மலையேறுவார்கள்.

அந்தத் திட்டுக்குப் பொறுப்பு ஓர் ஆமை. மெதுவாகப் பேசும், பேசி முடிக்கும்வரை யாரையும் விடாது. வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுதான். "வரும்போது எப்படி இருந்துச்சோ, போகும்போதும் அப்படியே இருக்கோணும். எலும்பு, ஓடு, தோலு எல்லாம் கையோட எடுத்துக்கோணும். அடுப்புல தண்ணிய ஊத்தி, கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் நகரோணும்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் குரங்குகள் மூன்று தரம் குளித்துவிட்டு வந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் சிங்காரி என்று ஒரு பறவை. கறுப்புத் தலை, வெள்ளை வயிறு, நீளமான மஞ்சள் கால். அவள் புருஷன் பொன்னுரங்கத்துக்கு மூட்டை தூக்குவதைத் தவிர வேறு வேலை கிடையாது. தூக்குவதற்கும் குறைவில்லை: இலவம்பஞ்சு மெத்தை, மயிலிறகு விசிறி, திரை போடப் பாம்புச் சட்டை, வாசலில் பதிக்கக் கிளிஞ்சல். வந்த மறுநாளே சுள்ளி அடுக்கி மூன்று அடுக்கில் கூடு எழும்பிவிடும்.

"ஒரு மாசத்துக்கு இத்தனை எதுக்கு அம்மிணி?" என்று ஆமை கேட்கும்.

"வந்த எடத்துல வசதியா இருக்கோணுமில்லீங்களா அண்ணா" என்பாள்.

போகும்போது எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போவாள். கேட்டால், "வேற ஆருக்காச்சும் ஆகட்டும்" என்று தானதர்மம் செய்கிற முகத்தோடு சொல்வாள். அந்த மெத்தையில் மூட்டைப்பூச்சியைத் தவிர யாரும் குடியேறியதில்லை.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்றும் அவளிடம் இருந்தது. அடுப்பில் தண்ணீர் ஊற்றமாட்டாள். ஊற்றினால் சாம்பல் பறந்து வெள்ளை வயிற்றில் ஒட்டிக்கொள்ளுமாம்! அதனால் கங்கின்மேல் மணலைத் தள்ளி, மேலே மயிலிறகால் பெருக்கிவிடுவாள். அடுப்பு இருந்த இடமே தெரியாது. அவள் தண்ணீர் ஊற்றியிருப்பாள் என்று நம்பிய ஆமை, கரடியைக் கூட்டிவந்து காட்டி, "பாரப்பா, சுத்தம்னா இது" என்று பாராட்டவும் செய்தது. மணலுக்கு மேலேதான் சுத்தம். அடியில் கங்கு அரை நாளானாலும் கனன்றுகொண்டே இருக்கும்.

அந்த வருஷம் சிங்காரி நான்கு முட்டை இட்டாள். பால் போல வெள்ளை முட்டைகள். மூன்று கோடையாக ஒரு முட்டைகூடப் பொரியாமல் அழுது தீர்த்தவள், இந்த நான்கையும் நிமிஷத்துக்கு ஒரு தரம் எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு நான்கு வரைதான் எண்ணத் தெரியும். அதனால் எண்ண எண்ணச் சந்தோஷம்.

ஒரு நாள் வெட்டுக்கிளி வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல் கங்கின்மேல் மணலைத் தள்ளிப் பெருக்கிவிட்டு, புருஷனோடு தண்ணீர் குடிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து யானைக்கூட்டம் இறங்கி வந்தது. முன்னால் வந்தவள் பெரியாத்தா. உருவம்தான் மலை, நடை அத்தனை பதவிசு. அடுத்தவர் சாமான்மேல் கால் பட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வோர் அடியையும் யோசித்து வைப்பாள். இந்தப் பக்கம் கரடியின் போர்வை, அந்தப் பக்கம் முயல் குட்டிகள். நடுவில் பெருக்கி வைத்த ஒரு துண்டு இடம் தெரிந்தது.

"ஆரோ புண்ணியவதி நமக்குன்னே வழி வுட்டிருக்கறா" என்று சொல்லிக்கொண்டே முழுப் பாதத்தையும் அங்கே வைத்தாள்.

அவள் போட்ட பிளிறலில் எதிர்க்கரை மரத்திலிருந்து பழம் உதிர்ந்தது. சூடுபட்ட காலைத் தூக்கிக்கொண்டு மற்ற மூன்று காலில் திட்டு முழுக்கக் குதித்தாள். கூடாரங்கள் சரிந்தன. சிங்காரியின் மூன்று அடுக்கு மாளிகை ஒரே இடியில் படுத்துவிட்டது. பாம்புச் சட்டைத் திரை பெரியாத்தாவின் வாலில் கொடி மாதிரி பறந்தது. ஓடிவந்த சிங்காரியின் முகத்தில் ஒரு பொறி தெறித்துச் சுட்டது.

பெரியாத்தா காலை ஆற்றில் நனைத்துவிட்டு நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். "ஆரு நெருப்பைப் பொதச்சு வெச்சது?"

சிங்காரி வானத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஆமை இந்தக் கரைப்பக்கம் இனி அண்டவிடாது. பொன்னுரங்கம் வாயைத் திறக்கப் போனான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"சொல்லமாட்டீங்க? செரி" என்றாள் பெரியாத்தா. "இன்னும் எங்கெங்க பொதச்சிருக்குதோ. என்ற குட்டிக நடக்கற எடம். இந்தத் திட்டு மொத்தத்தையும் கிளறிப் பாத்துட்டுத்தான் அதுகளை எறக்குவேன்."

சொன்னபடியே நல்ல காலால் மணலையும் கல்லையும் வாரி எறிய ஆரம்பித்தாள். அப்போதுதான் சிங்காரிக்குக் கூட்டில் இருந்த முட்டைகள் நினைவு வந்தது. சரிந்த சுள்ளிகளை விலக்கித் தேடினாள்.

"அந்தக் கூழாங்கல்லு பக்கம் உருண்டு போச்சு புள்ள" என்று பொன்னுரங்கம் அழுகிற குரலில் சொன்னான்.

பெரியாத்தாவின் கால் அந்தக் கூழாங்கற்களுக்கு மேலே உயர்ந்திருந்தது.

சிங்காரி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தாள். இறக்கையை விரித்துக்கொண்டு யானையின் முகத்துக்கு நேராகப் பறந்து, தொண்டை கிழியக் கத்தினாள். "நான்தான்! நான்தானுங்க ஆத்தா! நெருப்பைப் பொதச்சது நான்தான்! காலை வெக்காதீங்க! என்ற முட்டை இருக்குது, என்ற முட்டை!"

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. "எங்க? காட்டு பாக்கலாம்."

சிங்காரி குனிந்து பார்த்தாள். எங்கு பார்த்தாலும் கல். பக்கத்து அடுப்புகளின் ஈரச் சாம்பலிலும் சேற்றிலும் புரண்ட முட்டைகளின் வெள்ளை போய், பழுப்பும் கறுப்புமாகப் புள்ளி ஏறியிருந்தது. பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கத்திக்கொண்டே ஒவ்வொரு கல்லின்மேலும் உட்கார்ந்து பார்த்தாள். பொன்னுரங்கமும் உட்கார்ந்து பார்த்தான்.

"தம்பி, அது என்ற முதுகு" என்றது ஆமை.

"சீக்கிரம் ஆகட்டும் அம்மிணி" என்றாள் பெரியாத்தா. ஒரு கால் மேலே, ஒரு கால் சூடு. பாக்கி இரண்டில் அவள் நின்ற நிலை பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசியில் சிங்காரி அலகால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். கல், கல், கல். பிறகு ஒன்று உள்ளே இருந்து பதிலுக்குத் தட்டியது. அடுத்ததும் தட்டியது. நான்கும் தட்டின. சிங்காரி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வெள்ளை வயிறு முழுக்கச் சாம்பல் அப்பியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

பெரியாத்தா காலைப் பின்னால் தள்ளி வைத்தாள். மணலில் எஞ்சியிருந்த கங்கின்மேல் தும்பிக்கையால் தண்ணீரைப் பீய்ச்சினாள். அன்றைக்கே காடு அடுப்பை விட்டது. நரிக்கு மட்டும் கொஞ்ச நாள் நண்டு தொண்டையில் இறங்கவில்லை.

"கூடும் வேண்டாமுங்க ஆத்தா" என்றாள் சிங்காரி. "இப்படியே வெறுந்தரையில அடைகாத்துக்கறேன். ஆரு வந்தாலும் கத்தீருவேன்."

"கத்து" என்றாள் பெரியாத்தா. "உன்ற முட்டைக்கு மட்டுமில்ல, எங்க காலுக்கும் சேத்துக் கத்து."

அந்தக் கோடையிலிருந்துதான் சிங்காரிக்கு ஆட்காட்டி என்று பெயர் வந்தது. கூடு கிடையாது. முட்டையில் சாம்பல் புள்ளி போகவில்லை, முகத்தில் பொறி பட்ட சிவப்பும் போகவில்லை. நெருப்பை இன்னும் விடாத பிராணி மனிதன் ஒருவன்தான் என்பதால், நீங்கள் ஆற்றங்கரையில் கூடாரப் பையை இறக்கி வைப்பதற்குள் அது தலைக்குமேல் வந்து கத்துகிறது. குப்பையைப் பொறுக்கிக்கொண்டு, அடுப்பில் தண்ணீரை ஊற்றி, கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அப்போதும் கத்தும். முட்டைகள் உங்கள் காலடிக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. எது முட்டை, எது கல் என்று அதற்கே இன்னும் நிச்சயமில்லை.