தேர்ச்சீலை மிஷின்

"இந்த மிஷின் யாரோடது? இன்னிக்கு எனக்கு ஒரு முடிவு சொல்லுங்கம்மா. இல்லேன்னா வண்டியைப் பிடிச்சு ஏத்திட்டுப் போயிருவேன்."

செருப்பைக் கழற்றும் முன்பே பால்வண்ணம் கேட்டுவிட்டார்.

வடிவம்மாள் ஒரு சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஊருக்கு வெளியே, பஞ்சு மூட்டை அடுக்கிவந்து மூடிப்போன கிட்டங்கிதான் வடிவம்மாளின் இடம். பழைய கால்மிதி தையல் மிஷின்களைத் தேடிச் சேர்த்து, துரு நீக்கி, மறுபடியும் ஓடவைக்கிறவர். ரவிக்கையும் பாவாடையும் தைக்கிற வீட்டு மிஷின்களைத் தொடமாட்டார். குதிரைச் சேணம் தைத்தது, கூடாரம் தைத்தது, சாக்கு தைத்தது என்று, எருமை மாதிரி கனத்துக் கிடப்பவை மட்டும்தான்.

அவரிடம் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். சிலர் மிஷினைக் கற்க வந்தார்கள். சிலர் வேறு எதையோ கற்க வந்தார்கள். இரண்டுக்கும் அவர் தனித்தனிப் பாடம் வைத்ததில்லை.

பால்வண்ணம் வயதில் வடிவம்மாளுக்கு மூத்தவர். இருந்தாலும் அவர்தான் சீடர்.

"உக்காருங்க, அண்ணாச்சி."

உட்கார ஒரே ஒரு முக்காலிதான் இருந்தது. அது அந்த மிஷினுக்கு முன்னால் கிடந்தது. நீண்ட கழுத்து, வார்ப்பிரும்புக் கால்கள், வண்டிச் சக்கரம் போல் ஒரு சக்கரம். பால்வண்ணம் உட்கார்ந்தார்.

மூலையில் துரு சுரண்டிக்கொண்டிருந்த இருதயம் தலையைத் தூக்கினான். அவனும் ஒரு சீடன். வாய் சும்மா இராது.

"அண்ணாச்சி உக்காந்துட்டாரு. டீ சொல்லவா, ஒரேயடியா சாப்பாடே சொல்லிரவா?"

"உன் சோலியப் பாருலே."

வடிவம்மாள் கந்தல் துணியைக் கீழே வைத்தார். "சொல்லுங்க."

"பழைய இரும்புக் கடையில, மழையில நனைஞ்சு கிடந்ததைக் கண்டுபிடிச்சது யாரு?"

"நீங்க."

"மண்ணெண்ணெயை விட்டு விட்டு, சக்கரம் ஒரு விரல்கடை அசையறதுக்கு ஒரு மழைக்காலம் பூரா காத்துக் கிடந்தது யாரு?"

"நீங்க."

"துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம் இல்லை. இந்த மிஷினுக்கு இனிமே பாதம் கிடைக்காதுன்னு எல்லாவனும் கையை விரிச்சுட்டான். ஊர் ஊரா அலைஞ்சு ஒண்ணே ஒண்ணைப் பிடிச்சு வந்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, முகம் பாக்கிற மாதிரி ஆக்கினது யாரு?"

"நீங்கதான், அண்ணாச்சி."

"அப்போ, இங்க வேலை கத்துக்கிற அந்தத் தளவாய் என்ன செஞ்சான்?"

"நீங்களே சொல்லுங்க."

"பெல்ட் மாட்டினான்!" பால்வண்ணம் பலகையில் ஓங்கி அடித்தார். "எனக்குக் காய்ச்சல். படுத்துட்டேன். அந்த நேரம் பாத்து உள்ள வந்தான். பெல்ட்டை மாட்டினான், ஒரு மிதி மிதிச்சான், ஓடிருச்சு. நாளைக்குக் கோயில்ல இருந்து தேர்ச்சீலை தைக்க வாறாங்க. ஊருக்குள்ள என்ன பேச்சு தெரியுமா? தளவாய் மிஷினாம்! பொண்ணு பாத்து, பேசி முடிச்சு, பந்தல் போட்டவன் நான். மாலையை எடுத்துக் குடுத்தவன் மாப்பிள்ளையாம்!"

இருதயம் சிரித்துவிட்டான். பால்வண்ணம் முறைத்ததும் சுரண்டப் போய்விட்டான்.

"அவனாவது சொல்லக் கூடாது? 'இது அண்ணாச்சி வேலை'ன்னு ஒரு வார்த்தை? நாக்கா தேஞ்சிரும்? பல்லைக் காட்டிட்டு நின்னான்."

மிஷின்காரன் கால் ஒரு மாதிரி. மிதிகட்டை கிடைத்துவிட்டால் சும்மா கிடக்காது. பேச்சு சூடேறியதும் பால்வண்ணத்தின் கால் மிதிக்கத் தொடங்கியது. மிஷினில் ஊசி இல்லை, நூல் இல்லை. பெரிய சக்கரம் மெல்லத் திரும்பியது.

"இவன் மட்டுமில்லம்மா. என் தலையெழுத்தே இதுதான். எங்க அண்ணன் என்ன செஞ்சான்? தங்கச்சி கல்யாணத்துக்கு அரிசி மூட்டை சுமந்தவன் நான். பந்தியில என்னைக் கூப்பிடாம இலை போட்டான். மறப்பேனா?"

சக்கரம் வேகம் எடுத்தது.

"அதுக்கும் முன்னாடி ஒரு வாத்தியார். எவனோ கரும்பலகையில கோட்டான் படம் போட்டதுக்கு என்னை வெளியே நிறுத்தினாரு. மூணாம் வகுப்பு. அன்னிக்கு வெளிய வந்தவன்தான், திரும்ப உள்ள போகவே இல்ல. அந்த ஆளு செத்தே போயிட்டாரு. எனக்கு ஆறலை!"

மிஷினுக்குள் ஏதோ கரகரத்தது. அதற்கு மேல் கேட்கும்படி பால்வண்ணம் குரலை உயர்த்தினார்.

"அந்த வாத்தியார், எங்க அண்ணன், இந்தத் தளவாய், எல்லாம் ஒரே ஜாடை! ஒருத்தன் பாடுபடுவான், இன்னொருத்தன்..."

வடிவம்மாள் எழுந்து வந்து சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது நின்றது.

பாதத்தின் நெம்பைத் தூக்கினார். திருகைத் தளர்த்தினார். பாதத்தைக் கழற்றிப் பால்வண்ணத்தின் கையில் வைத்தார்.

சூடாக இருந்தது.

பால்வண்ணம் அதைத் திருப்பிப் பார்த்தார். முகம் பார்க்கலாம் என்று சொன்ன அடிப்பக்கத்தில் கீறல்கள். பக்கத்தில் பக்கத்தில், உழுத வயல் மாதிரி.

துணி வைக்காமல் மிதிக்கக் கூடாது. நடுவில் துணி இல்லாவிட்டால் கீழே துணியை நகர்த்தும் பல் மேலே இருக்கும் பாதத்தைத் தின்னும். கிட்டங்கிக்கு வருகிற எவருக்கும் அதுதான் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களை அதட்டி அதட்டி அதைச் சொல்லிக்கொடுப்பவரே பால்வண்ணம்தான்.

இருதயம் எட்டிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"நாளைக்குச் சீலை, அண்ணாச்சி?"

பால்வண்ணம் கீறலைக் கட்டைவிரலால் தடவினார். "பட்டு மாட்டும். நூல் நூலா இழுத்துரும். வெக்க முடியாது."

"வேற பாதம்?"

"ஏலே, வேற ஏதுலே பாதம்!"

முக்காலியில் இருந்தபடியே வடிவம்மாளிடம் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"பாத்துக்கிட்டே இருந்தீங்களேம்மா! முதல்லயே கையைப் பிடிச்சிருக்கக் கூடாதா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க மிஷின்னு சொன்னீங்களே, அண்ணாச்சி."

பால்வண்ணம் பாதத்தைப் பலகையில் டக்கென்று வைத்தார்.

"எல்லாம் அவனால வந்தது! அந்தத் தளவாயால!"

"அவன் காயல்பட்டணம் போய் ரெண்டு நாளாச்சு."

"எங்கேயும் போகட்டும்! அவன் பெல்ட்டைத் தொடாம இருந்திருந்தா நான் இன்னிக்கு இங்க வந்து கத்தியிருப்பேனா? கத்தியிருக்காட்டா இது தேஞ்சிருக்குமா? ஒரு மழைக்காலம்மா! ஒரு மழைக்காலத்தை ஒரே நாள்ல தின்னுட்டான். விடமாட்டேன். அண்ணனை விட்டேனா? வாத்தியாரை விட்டேனா? இவனையும் விடமாட்டேன். கட்டையில போற வரைக்கும் விடமாட்டேன்!"

வடிவம்மாள் குனிந்து தரையைப் பார்த்தார்.

இருதயமும் பார்த்தான்.

"அங்க என்ன பாக்கிறீங்க?" என்று பால்வண்ணமும் குனிந்தார்.

மிதிகட்டையின் மேல் அவருடைய இரண்டு கால்களும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அவர் மிதிப்பதை நிறுத்தினார்.

சக்கரம் கனமானது. அது இன்னும் சிறிது நேரம் அவர் கால்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது.